விடுதலைப் போராட்டக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் பள்ளிக்கூடங்களில் கட்டுரை, பேச்சுப் போட்டி, மாறுவேடம் என்று வரிசை கட்டிவிடும். அப்போது பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தலைவர்களின் வரலாற்றைச் சொல்லப் புத்தகங்கள் நிறைய உண்டு. நான் எழுதுவது வெள்ளையர் ஆட்சியில் இந்தியாவில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி மட்டும்.

எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை?

1905இல் வங்கத்தை இரண்டாகப் பிரித்தபோது எழுந்த சுதேசி இயக்கத்திலிருந்து 1947 வரை. 1905இல் பத்து வயதுப் பையனாக இருந்தவருக்கு 1947இல் ஐம்பத்திரண்டு வயது. அவருடைய பிள்ளைகளும் இந்தப் போராட்டத்துக்குள் வளர்ந்தவர்கள். சில வீடுகளில் பேரப்பிள்ளைகளும் கூட. அதனால் 'அந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று ஒரே கூடையில் போட்டுவிட முடியாது.

சுதேசி காலத்தில் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது?

அரசரைப் போற்றும் பாட்டு, அரசர் படம், முடிசூட்டு விழா என்றால் மிட்டாய். பாடப்புத்தகத்தில் இங்கிலாந்து மன்னர்களின் வரிசை. இது ஒரு பக்கம். வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் பேசுவது வேறாக இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

1905 அக்டோபரில் வங்க அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கார்லைல் சுற்றறிக்கை என்று பெயர். மாணவர்கள் கூட்டங்களுக்கோ மறியலுக்கோ போனால் அந்தப் பள்ளிக்கு மானியம் நிறுத்தப்படும், உதவித்தொகை போகும் என்பது சாரம். ஒரு பையன் 'வந்தே மாதரம்' சொன்னால் தலைமையாசிரியரின் சம்பளத்துக்கே ஆபத்து. ஆசிரியரை வைத்தே மாணவனை அடக்கும் ஏற்பாடு இது. இதற்கு மறுப்பாகத்தான் அடுத்த மாதமே ரங்கபூரில் முதல் தேசியப் பள்ளி தொடங்கியது.

1907இல் கல்கத்தா நீதிமன்ற வாசலில் நடந்த தள்ளுமுள்ளில் சுசீல் சென் என்ற பதினைந்து வயதுப் பையன் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியைத் திருப்பி அடித்தான். மாஜிஸ்திரேட் கிங்ஸ்ஃபோர்டு அவனுக்குப் பதினைந்து கசையடி விதித்தார். குதிராம் போஸ் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். அவரும் பிரபுல்ல சாகியும் 1908இல் முசாபர்பூரில் குறிவைத்தது இந்தக் கிங்ஸ்ஃபோர்டைத்தான். குண்டு தவறான வண்டியில் விழுந்து இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் இறந்தார்கள். தூக்கிலிடப்பட்டபோது குதிராமுக்குப் பதினெட்டு வயது.

ஜாலியன்வாலா பாக்கில் குழந்தைகளும் இறந்தார்களா?

ஆமாம். 1919 ஏப்ரல் 13, வைசாகித் திருநாள். ஊருக்கு வந்தவர்கள், திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்தவர்கள் எல்லாம் அமிர்தசரஸில் ராணுவம் சுட்ட அந்த மைதானத்தில் இருந்தார்கள். அரசு ஒப்புக்கொண்ட இறப்பு 379. அதில் 41 பேர் சிறுவர்கள், ஒன்று ஆறு வாரக் கைக்குழந்தை. உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகம் என்பதே காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முடிவு.

ஆனால் அதற்குப் பிறகு பஞ்சாபில் ராணுவச் சட்டம் போட்டு மாணவர்களை என்ன செய்தார்கள் என்பதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதே இல்லை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

லாகூரில் கல்லூரி மாணவர்கள் ஒரு நாளைக்கு நான்கு முறை ராணுவ அதிகாரி முன் வந்து பெயர் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு. நாள் முழுக்க வெயிலில் நடையாக நடந்தார்கள்; மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு அது தினம் ஏறத்தாழ 16 மைல். ஒரு கல்லூரிச் சுவரில் ஒட்டியிருந்த ராணுவ அறிவிப்பு கிழிந்திருந்தது என்பதற்காக அங்கிருந்த மாணவர்கள், ஆசிரியர்கள் அத்தனை பேரையும் கோட்டைக்கு நடத்திக் கொண்டுபோய் அடைத்தார்கள். வேறு சில ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் தினமும் வரிசையில் வந்து பிரிட்டிஷ் கொடிக்கு வணக்கம் வைக்கவேண்டும். அரிச்சுவடி வகுப்புப் பிள்ளைகளுக்கும் விலக்கு இல்லை.

கசூரில் நடந்தது இன்னும் கொடுமை. பள்ளி மாணவர்களுக்குப் பாடம் புகட்டவேண்டும் என்று முடிவாகிறது. யார் என்ன குற்றம் செய்தார்கள் என்ற விசாரணை கிடையாது. மாணவர்களை வரிசையாக நிறுத்தி, உடம்பில் பெரியவர்களாகப் பார்த்து ஆறு பேரைப் பொறுக்கி எடுத்து அடித்தார்கள். அரசு அமைத்த ஹண்டர் விசாரணைக் குழு பின்னால் இதைக் கேட்டபோது, பெரிய உடம்பாக இருந்ததால்தான் அவர்கள் அடிபட்டார்கள் என்பதை அந்த ராணுவ அதிகாரி மறுக்கவும் இல்லை. சும்மா நின்ற பையனுக்கும் வளர்த்தி இருந்தால் அடி. அன்று வரிசையில் நின்று அதைப் பார்த்த மற்றப் பிள்ளைகளுக்கு அரசாங்கத்தைப் பற்றி யாரும் தனியாகப் பாடம் எடுத்திருக்கத் தேவையில்லை.

இந்தச் செய்திகள் பஞ்சாபோடு நிற்கவில்லை. விருதுநகரில் மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்த பதினைந்து வயதுக் காமராஜரை அரசியல் பக்கம் திருப்பியது ஜாலியன்வாலா பாக் செய்திதான்.

காந்தி சிறுவர்களைப் போராட்டத்துக்கு அழைத்தாரா?

இதில் காங்கிரஸ் ஒரு கோடு போட்டிருந்தது. 1920 டிசம்பரில் நாகபுரி மாநாட்டின் ஒத்துழையாமைத் தீர்மானத்தைப் படித்தால் தெரியும். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அரசுப் பள்ளியிலிருந்து நிறுத்தும்படி பெற்றோரைத்தான் கேட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளை நேராக அழைக்கவில்லை. 16 வயது நிறைந்தவர்களை மட்டும் 'விளைவைப் பற்றிக் கவலைப்படாமல் வெளியே வாருங்கள்' என்று அழைத்தார்கள். படிப்பை விட்டுவிட்டு வரச் சொல்வதைத் தாகூர் ஏற்கவில்லை, வெளிப்படையாகவே எழுதினார். அந்தக் காலத்திலேயே பெரியவர்களுக்குள் இந்த விவாதம் இருந்தது என்பது முக்கியம்.

ஆனால் தெருவில் அந்தக் கோடு நிற்கவில்லை. அண்ணன் ஊர்வலத்துக்குப் போனால் தம்பி பின்னால் ஓடுவான். யார் தடுப்பது?

அரசுப் பள்ளியை விட்டவர்கள் எங்கே படித்தார்கள்?

பலர் எங்கேயும் படிக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. குஜராத் வித்யாபீடம், ஜாமியா மில்லியா, காசி வித்யாபீடம் போன்றவை 1920, 1921இல் தோன்றின. ஊர்களில் சின்னச் சின்ன தேசியப் பள்ளிகளும் வந்தன. ராட்டையும், கையால் நூல் நூற்கும் சின்னக் கருவியான தக்ளியும் அங்கே பாடமே ஆயின. காசு இல்லாமல் பல பள்ளிகள் சீக்கிரமே மூடிக்கொண்டன. பிள்ளைகளில் ஒரு பகுதியினர் பழைய பள்ளிக்கே திரும்பிப் போனார்கள்.

தமிழ்நாட்டில் வ.வே.சு. ஐயர் 1922இல் திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் தொடங்கினார். தேசத்துக்கு வேண்டிய தமிழ்ப் பிள்ளைகளை உருவாக்குவது நோக்கம். காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 கொடுத்தது; பிராமணர் அல்லாத சாதியாரும் மனமுவந்து நன்கொடை தந்தார்கள். அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. அவர்கள் பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். செய்தி வெளியே வந்ததும் தமிழ்நாடே கொதித்தது. வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ராமசாமியும் கேள்வி கேட்டார்கள். சமரசம் பேசக் காந்தியே இறங்கவேண்டி வந்தது. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து ஐயர் இறந்துபோனார். அதே ஆண்டு நவம்பரில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார்.

இந்தச் சம்பவத்தை எல்லோரும் தலைவர்களின் சண்டையாகவே எழுதுகிறார்கள். நான் அதைப் பந்தியிலிருந்து பார்க்கிறேன். பாரத மாதாவுக்கு எல்லோரும் பிள்ளைகள் என்று காலையில் பாடிவிட்டு, மத்தியானம் இலை போடும்போது இரண்டு பேர் எழுந்து வேறு இடத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்ட பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் அவர்கள். விடுதலை என்றால் யாருக்கு என்ற கேள்வி அவர்களுக்கு அந்தப் பந்தியிலேயே வந்திருக்கும்.

வானர சேனை என்றால் என்ன?

1930 உப்புச் சத்தியாகிரகக் காலத்தில் பல ஊர்களில் சிறுவர்கள் சேர்ந்த குழுக்களுக்கு இந்தப் பெயர் வந்தது. இராமனுக்கு உதவிய வானரங்களை நினைத்து வைத்தது. அலகாபாத்தில் இந்திரா நேரு காங்கிரசில் சேரப் போய், வயது போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டு, அப்புறம் பிள்ளைகளைக் கூட்டி ஒரு சேனை நடத்தினார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது.

வேலைகள் சின்னவை: கொடி தைப்பது, உறை மேல் விலாசம் எழுதுவது, சுவரொட்டி ஒட்டுவது, ஊர்வலத்தில் தண்ணீர் கொடுப்பது, அடிபட்டவருக்குக் கட்டுப் போடுவது, சேதி கொண்டுபோவது. பெரியவர்களைப் பின்தொடர்ந்த போலீஸ் சிறுவர்களை அவ்வளவாகச் சந்தேகப்படவில்லை. ஓரிடத்தில் பெண்பிள்ளைகள் 'நாங்கள் ஏன் குரங்குப் படையில் சேரவேண்டும்?' என்று தங்களுக்கென்று பூனைப் படை வைத்துக்கொண்டார்கள். மார்ஜாரி, மஞ்சரி என்றெல்லாம் அதைச் சொல்வார்கள். படிக்கும்போதே அந்தப் பிள்ளைகளின் குரல் கேட்கிறது.

விடியற்காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் பிரபாத் பேரியிலும் சிறுவர்கள்தான் அதிகம்.

சிறுவர்களை அடித்தார்களா? சிறையில் போட்டார்களா?

இரண்டும் நடந்தது. 1909ஆம் ஆண்டுக் கசையடிச் சட்டம் சிறுவர்களுக்கு மற்றத் தண்டனைகளுக்குப் பதிலாக அடி கொடுக்க வழி வைத்திருந்தது. சிறைச்செலவு மிச்சம் என்பதால் மாஜிஸ்திரேட்டுகளுக்கு அது வசதியாகவும் இருந்தது. 1921இல் காசியில் பிடிபட்ட பதினைந்து வயதுச் சந்திரசேகர், நீதிமன்றத்தில் பெயர் கேட்டபோது 'ஆசாத்' என்றும், தந்தை பெயர் 'சுதந்திரம்' என்றும், வீடு 'சிறை' என்றும் பதில் சொன்னார். பதினைந்து அடி. அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. விடுதலைக்குப் பிறகு, 1955இல்தான் கசையடிச் சட்டம் ஒழிக்கப்பட்டது.

தமிழ்நாட்டுச் சிறுவர் யாரையாவது சொல்லுங்கள்?

கடலூர் அஞ்சலை அம்மாளின் மகள் அம்மாக்கண்ணு. இவரைப் பற்றித்தான் பள்ளிகளில் அதிகம் பேசவேண்டும் என்பது என் ஆசை.

1857 கிளர்ச்சியில் அலகாபாத் பக்கம் ஊர் ஊராக மக்களைத் தூக்கில் போட்டவர் நீல் என்ற தளபதி. அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். அதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. அஞ்சலை அம்மாள் தன் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் கைதானார்கள். சென்னை வந்த காந்தி அந்தக் குழந்தையைப் பார்த்து, பிறகு தன் ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டார்; லீலாவதி என்று பெயரும் வைத்தார்.

கதை அதோடு முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து அஞ்சலை அம்மாள் கர்ப்பிணியாக வேலூர் சிறையில் இருந்தார். பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். பிள்ளை பிறந்ததும் கைக்குழந்தையோடு திரும்பி வந்து மீதித் தண்டனையை அனுபவித்தார். பையனுக்கு 'ஜெயில் வீரன்' என்று பெயர். அந்தக் குழந்தை எந்தப் போராட்டத்திலும் சேர முடிவெடுக்கவில்லை. அவன் கண் திறந்து பழகிய இடமே சிறை.

நீல் சிலையை 1937இல் ராஜாஜி அரசு அகற்றி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது.

வேதாரண்யம் யாத்திரையில் சிறுவர்கள் இருந்தார்களா?

உப்பெடுக்க நடந்து போனவர்கள் தேர்ந்தெடுத்த பெரியவர்கள், இளைஞர்கள். 1930 ஏப்ரல் 13இல் திருச்சியில் புறப்பட்டு 28இல் வேதாரண்யம் சேர்ந்தார்கள். ஆனால் வழியில் இருந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் தண்டோரா போட்டிருந்தார். ஊர் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு வீட்டில் இப்படி ரகசியமாகச் சோறு கட்டினால், 'வெளியே சொல்லாதே' என்று பிள்ளைகளிடம் சொல்லாமல் இருக்க முடியுமா?

துப்பாக்கி எடுத்த சிறுமிகள் உண்மையா?

உண்மை. 1931 டிசம்பர் 14, இன்றைய வங்கதேசத்தில் உள்ள குமில்லா. சாந்தி கோஷுக்குப் பதினைந்து வயது, சுனிதி சௌதுரிக்குப் பதினான்கு. பைசுன்னிசா பெண்கள் பள்ளி மாணவிகள். நீச்சல் போட்டிக்கு அனுமதி கேட்டு மனு கொடுக்க வந்ததாகச் சொல்லி மாஜிஸ்திரேட் ஸ்டீவன்ஸின் பங்களாவுக்குள் போனார்கள். அவர் மனுவை வாங்கிப் பார்த்தபோது சுட்டுவிட்டார்கள். வயதைக் கருதித் தூக்கு இல்லாமல் ஆயுள் தண்டனை. 1939இல் விடுதலை ஆனார்கள். சுனிதி பிறகு மருத்துவம் படித்து டாக்டரானார். சாந்தி மேற்கு வங்கச் சட்டமன்றத்துக்குப் போனார்.

இவர்களை மாறுவேடப் போட்டிக்கு நிறுத்துகிறவர்கள் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். சுனிதி சிறைக்குப் போனபின் அவருடைய அப்பாவின் பென்ஷன் நின்றது. அண்ணன்மார் இருவர் காவலில் வைக்கப்பட்டார்கள். குடும்பம் வறுமையில் விழுந்தது. அவ்வளவு சின்னப் பிள்ளைகள் கையில் துப்பாக்கி கொடுத்த பெரியவர்களைப் பற்றி எனக்கு நிம்மதியான கருத்து கிடையாது. அந்தப் பிள்ளைகளின் துணிச்சல் மேல் மரியாதை குறையவும் இல்லை.

1942இல் என்ன நடந்தது?

'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் தொடங்கியதும், ஆகஸ்ட் 9 அதிகாலையில் தலைவர்கள் எல்லோரும் சிறைக்குள். வெளியே இருந்தது மாணவர்கள். ஆகஸ்ட் 11இல் பாட்னா தலைமைச் செயலகத்தில் கொடி ஏற்றப் போன ஏழு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பலர் பள்ளி மாணவர்கள். இன்று அங்கே நிற்கும் நினைவுச் சிலைகளைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. நம் மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த அதே கை. செப்டம்பர் 9இல் மகாராஷ்டிரத்து நந்துர்பாரில் கொடி பிடித்துப் போன பதினைந்து வயது சிரீஷ்குமாரும் கூட இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். செப்டம்பர் 20இல் அசாமில் கோப்பூர் காவல் நிலையத்தை நோக்கிக் கொடியோடு நடந்து சுட்டுக் கொல்லப்பட்ட கனகலதா பருவாவுக்குப் பதினேழு வயது.

பாஜி ராவுத் யார்?

ஒடிசாவின் தேங்கானல் சமஸ்தானத்தில் படகோட்டிக் குடும்பத்துப் பையன். 1938 அக்டோபரில், பிராமணி ஆற்றைக் கடக்கப் படகு கேட்ட போலீசாருக்கு மறுத்ததால் சுடப்பட்டான். பன்னிரண்டு வயது. அங்கே நேரடியாக ஆண்டது வெள்ளையர் இல்லை, அவர்கள் நிழலில் இருந்த ராஜா. அந்த ஊர் மக்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்பா சிறைக்குப் போய்விட்டால் வீட்டில் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

வீட்டுக்கு வீடு வேறு. நேரு சிறையிலிருந்து மகளுக்கு 1930 முதல் 1933 வரை 196 கடிதங்கள் எழுதினார். அது உலக வரலாறாகவே ஆகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு நெசவாளியோ விவசாயியோ சிறைக்குப் போனால் கடிதம் வராது. கூலியும் வராது. மூத்த பையன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போவான்; பெண்பிள்ளைக்கு அதுவும் பேச்சில்லை, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளவேண்டும். குஜராத்தில் பர்தோலி வரிகொடா இயக்கத்தின்போது (1928) ஜப்தி அதிகாரிகள் மாட்டை ஓட்டிப் போகாமலிருக்க, மக்கள் எருமைகளோடு வீட்டுக்குள் கதவடைத்துக் கிடந்தார்கள். சாணியும் மூத்திரமும் காற்றில்லாத இருட்டும். பச்சைப் பிள்ளைகளும் அதற்குள்தான்.

எல்லாப் பிள்ளைகளும் போராடினார்களா?

இல்லை. பெரும்பாலானவர்கள் வயிற்றுக்கு வழி தேடிக்கொண்டிருந்தார்கள். 1943 வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகள் ஏராளம். அவர்கள் கொடி பிடிக்கவில்லை என்பதால் இந்த வரலாற்றில் சேராதவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

அரசு உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளின் பாடு இன்னொரு வகை. உஷா மேத்தாவின் அப்பா நீதிபதி. உஷா எட்டு வயதில், 1928இல், சைமன் கமிஷனை எதிர்த்த ஊர்வலத்தில் போனார். கொடியோடு போன ஒரு சிறுமி அடி வாங்கிக் கொடியோடு விழுந்துவிட்டாள். கொடி கீழே விழுந்ததே என்று பிள்ளைகளுக்குக் கோபம். அடுத்த முறை மூவர்ணத்தில் உடையே தைத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். இனிக் கொடியை எப்படித் தள்ளுவாய் என்று. இதே உஷாதான் 1942இல் பம்பாயில் ரகசிய காங்கிரஸ் வானொலியை நடத்திச் சிறை போனவர்.

கடல் கடந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு. 1943இல் நேதாஜி சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையைத் தொடங்கியபோது, மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் அதில் நிறையப் பேர். பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. சிறுவர்களுக்கு பாலக சேனை என்று தனியாக இருந்தது.

கட்டுரைக்குப் புதிதாக ஏதாவது சேர்க்கவேண்டும். எங்கே தேடுவது?

முதலில் உங்கள் தெருவில். 1942இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியவர்கள். மிகச் சிலரே இருக்கிறார்கள். போய் 'போராட்டத்தில் கலந்துகொண்டீர்களா?' என்று கேட்காதீர்கள். 'இல்லை' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பள்ளியில் காலையில் என்ன பாட்டுப் பாடினீர்கள், தக்ளியில் நூல் நூற்றீர்களா, யுத்தக் காலத்தில் ரேஷன் அரிசி எப்படி இருந்தது, போலீஸ் வந்தால் அம்மா என்ன செய்யச் சொல்வார் என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். கைபேசியில் பதிவு செய்வதற்கு முன் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். பெயர், பிறந்த ஊர், கேட்ட தேதி மூன்றையும் அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள்.